சங்கிலிருந்து செல்பரப்புக்கு: வைகைக் கரைக்கு எச்சரிக்கை வரும் வழி

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான செல்போன்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அலறின. அழைப்பு மணியும் இல்லை, குறுஞ்செய்தி ஒலியும் இல்லை. அதுவரை அந்தப் போன்கள் எழுப்பியிராத ஒரு கூர்மையான ஓசை, கூடவே நீண்ட அதிர்வு. திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. இது சோதனைச் செய்தி, யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையும் மாநிலம் மாநிலமாக நடத்திவந்த ஒத்திகையில் அன்று தமிழ்நாட்டின் முறை.

ஒத்திகை முடிந்தது, புதிர் நின்றது. இத்தனை பேருடைய எண்ணும் அரசுக்கு எப்படித் தெரியும்? ரீசார்ஜ் காலம் முடிந்து, வெளியே அழைக்க முடியாமல் கிடக்கும் போனிலும் இந்தச் செய்தி ஒலிக்கக் கூடியது. மதுரைக்குச் சுற்றுலா வந்து டவுன்ஹால் ரோடு லாட்ஜில் தங்கியிருக்கும் குஜராத்காரரின் போனுக்கும் வரும். வேலை நிமித்தம் குஜராத் போயிருக்கும் மதுரைக்காரரின் போனுக்கு வராது. வீட்டு வைஃபையில் படம் ஓடிக்கொண்டிருந்தாலும், ஏர்பிளேன் மோடில் இருந்தால் போன் வாய் திறக்காது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் விடையின் திசை புலப்படும்: எண்களின் பட்டியல் என்று ஒன்று இந்த ஏற்பாட்டில் இல்லவே இல்லை. செய்தி ஆளுக்கு அனுப்பப்படவில்லை, இடத்துக்கு அனுப்பப்பட்டது.

இடத்துக்குச் செய்தி அனுப்புவது வைகைக் கரைக்குப் புதிதல்ல. ஆண்டிப்பட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அபாயச் சங்கு ஒலிக்கும். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்குத் தகவல் போகும். அணைக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். திறந்துவிட்ட தண்ணீர் அந்தத் தொலைவைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும் என்பதால், அந்த அவகாசத்தில் ஆள் அனுப்பிச் சொல்லிவிட முடிந்தது. கிராமங்களில் அந்த ஆள் தண்டோரா போட்டார்.

சங்குக்கும் தண்டோராவுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. காது எட்டும் தூரத்தில் பத்துப் பேர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் சங்குக்கு வேலை ஒன்றுதான். கேட்பவர் பெயர் அதற்குத் தேவையில்லை. ஊரே அதன் முகவரி. ஆனால் தண்டோராவுக்கு ஒரு சமூகம் விலை கொடுத்துவந்தது. தெருத் தெருவாகப் பறையடித்துச் சொல்லும் வேலை பிறப்பின் பேரில் சிலர் தோளில் ஏற்றப்பட்ட வேலை. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா முறையைத் தடை செய்யுமாறும் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்களில் அறிவிக்குமாறும் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். தாமதமாக வந்தாலும் சரியான உத்தரவு. அடுத்த ஆண்டே, அதே வேலையை மனிதக் கையில்லாமல் செய்யும் கருவி ஒத்திகைக்கு வந்தது.

குறுஞ்செய்தி ஏன் போதாது

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டால் போயிற்று என்று தோன்றும். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது, இன்றும் நடக்கிறது. அதிலுள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபம் போதும்.

பந்தி போட்டாயிற்று. வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். ஒரு வழி: ஒருவர் நாற்காலி நாற்காலியாகப் போய் ஒவ்வொருவர் காதிலும் சொல்வது. இன்னொரு வழி: மைக்கில் ஒரே தடவை சொல்வது. குறுஞ்செய்தி முதல் வகை. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய போன் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பதிவேட்டில் தேட வேண்டும். அந்தப் பகுதியின் கோபுரம் அந்தப் போனைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். போன் பதில் தர வேண்டும். பிறகுதான் செய்தி இறங்கும். போன் அணைந்திருந்தால் வரிசையில் வைத்து மறுபடி முயல வேண்டும்.

மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, 30 லட்சத்துக்குச் சற்று அதிகம். தலைக்கு ஒரு செய்தி, நொடிக்கு ஆயிரம் செய்தி என்று வைத்துக்கொண்டு ஒரு மனக்கணக்குப் போடலாம். 3,000 நொடி, அதாவது 50 நிமிடம். அணைத் தண்ணீருக்கு இந்த வேகம் போதும். தெருவில் ஏறும் மழைத் தண்ணீருக்குப் போதாது.

இது எதுவும் குறுக்கிடாதபோது போடும் கணக்கு. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில், ஆழ்வார்புரம் பக்கம் நின்று கூட்டத்தில் தவறிப்போன உறவினரைப் போனில் பிடிக்க முயன்றவர்களுக்கு மீதிக் கணக்கு தெரியும். திரையில் சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும். அழைப்பு மட்டும் போகாது. கோபுரத்தின் அலை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒதுக்கித் தருவதற்குக் கோபுரத்திடம் பாதை இல்லை. பேரிடர் நேரமும் இப்படித்தான். அரசு செய்தி அனுப்ப விரும்பும் அதே நிமிடத்தில் ஊரே ஒருவரையொருவர் அழைக்கிறது.

மைக் எங்கே இருக்கிறது

கல்யாண மண்டபத்து மைக் செல்போன் வலைக்குள் தொடக்கத்திலிருந்தே இருந்தது. பெரும்பாலோர் அதைக் கவனித்ததில்லை.

பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அலைக்கருவி வைத்திருப்பதால்தான் இந்த வலைக்கு 'செல்' என்று பெயர். சிற்றறை என்று பொருள். ஒவ்வொரு அறையின் கோபுரமும் இரவு பகலாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: நான் இந்த நிறுவனத்தின் கோபுரம், என் அடையாளம் இது, என்னிடம் பேச விரும்பினால் இந்த வழியில் பேசு. எந்தப் போனையும் குறிப்பிட்டுச் சொல்வதில்லை. இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்ற பொது அறிவிப்பு. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பது போல. புதிதாக ஊருக்குள் வரும் போன் இதைக் கேட்டுத்தான் கோபுரத்தைக் கண்டுகொள்கிறது.

போனோ பெரும்பாலும் தூங்குகிறது. பையில் கிடக்கும் போன் முழு விழிப்பில் இருந்தால் பேட்டரி அரை நாள் தாங்காது. எனவே அது ஒரு நொடிக்குச் சற்று மேலான இடைவெளியில் ஒரு கணம் கண்விழித்து, தன் பெயரைக் கோபுரம் கூப்பிட்டதா என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடும். பேருந்தில் உறங்குபவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மறுபடி கண்ணை மூடுவது போன்ற உறக்கம்.

எச்சரிக்கை இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அபாயச் செய்தி ஒன்று வந்ததும், கோபுரம் அந்தக் கூப்பிடும் நேரத்தில் ஒரு சின்னக் குறியைச் சேர்த்து விடுகிறது. பொது அறிவிப்பில் புதிதாக ஒன்று இருக்கிறது, எல்லோரும் படியுங்கள் என்று அந்தக் குறிக்குப் பொருள். கண்விழிக்கும் ஒவ்வொரு போனும் அதைப் பார்க்கிறது, விழிப்பை நீட்டித்துப் பொது அறிவிப்பைப் படிக்கிறது, அலறுகிறது. கோபுரம் அனுப்பியது ஒரே ஒரு செய்தி. கேட்டது ஒரு போனா, லட்சம் போனா என்பது அதற்குப் பொருட்டல்ல. ஆற்றில் அழகரைப் பார்க்க நிற்கும் கூட்டம் முழுவதும், அழைப்பு எதுவும் போகாத அதே நிமிடத்தில், இந்தச் செய்தியைப் பெற முடியும்.

இந்த முறைக்கு 'செல் பிராட்காஸ்ட்' என்று பெயர். ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்ற சொற்களின் வரிசையில் செல்பரப்பு என்று சொல்லிவிடலாம். வானொலிக்கு அலைவரிசை போல இதற்கும் எண்ணிட்ட வரிசைகள் உண்டு. பன்னாட்டுத் தரநிலையில் 4370-இல் தொடங்கும் எண்கள் பொது எச்சரிக்கைக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணில் வரும் செய்தியைச் சாதாரணச் செய்தியாக நடத்தாதே, சைலண்டில் இருந்தாலும் ஒலி எழுப்பு என்று போனுக்குள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தனி ஓசைக்குக் காரணம் இதுதான்.

நுட்பம் பழையது. 1997-இல் பாரிசில் செய்து காட்டப்பட்டது. ஜப்பானில் டொகோமோ நிறுவனம் 2007 முதல் நிலநடுக்க எச்சரிக்கைக்குப் பயன்படுத்துகிறது. நெதர்லாந்தும் அமெரிக்காவும் 2012-இல் தொடங்கின. தமிழ்நாட்டிலும் இதன் ஒரு துண்டை ஒரு தலைமுறை பார்த்திருக்கிறது, பெயர் தெரியாமல். பழைய பட்டன் போன்களில் 'செல் இன்ஃபோ' என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்து வைத்துவிட்டுப் பேருந்தில் போனால், திரையில் ஊர்ப் பெயர் மாறிக்கொண்டே வரும். யாரும் அனுப்பாமல், காசு பிடிக்காமல், ஊருக்கு ஊர் வந்த அந்தப் பெயர்கள் செல்பரப்பில் வந்தவைதாம். வெள்ளத்துக்குப் பயன்படக்கூடிய கருவி இருபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டைப் பையில் ஊர்ப் பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தியாவில் விற்கும் போன்கள் அபாயச் செல்பரப்பைக் கையாளத்தான் வேண்டும் என்ற விதி 2023-இல்தான் வந்தது.

கோபுரம் ஒரே செய்தியைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பச் சொல்லும். அப்படியானால் போன் ஏன் திரும்பத் திரும்ப அலறுவதில்லை? ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண் உண்டு. படித்த எண்ணைப் போன் நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் விட்டுவிடும். திரும்பச் சொல்வது புதிதாக வருபவர்களுக்காக. செய்தி பரப்பப்பட்ட பத்து நிமிடம் கழித்துச் சோழவந்தான் பேருந்தில் நகருக்குள் நுழைபவரின் போன் அப்போது அலறும்.

தமிழுக்கு இடம் குறைவு

செய்தியின் நீளத்துக்கு எல்லை உண்டு; அந்த எல்லை தமிழை இறுக்கிப் பிடிக்கிறது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். தமிழ் போன்ற மொழிகளுக்கு ஒவ்வொரு குறிக்கும் இரட்டிப்புக்கு மேல் இடம் தேவைப்படுவதால் 70 குறிகள்தான். இரண்டாம் தலைமுறை வலையின் செல்பரப்பில் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலம் 93, தமிழ் 41. அதிகபட்சம் 15 பக்கம்.

குறி என்பதும் எழுத்து என்பதும் ஒன்றல்ல. யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'வெள்ள அபாய எச்சரிக்கை' என்பது கண்ணுக்கு 12 எழுத்து, இரண்டு இடைவெளி. கணினிக்கு 21 குறி. 'வைகைக் கரையில் இருப்போர் உடனே மேட்டுக்குச் செல்லவும்' என்ற வாக்கியம் 52 குறி. ஒரு குறுஞ்செய்தியில் 18 குறிக்குத்தான் இடம் மிச்சம். துறைகளின் அறிவிப்புகள் வழக்கமாகத் தொடங்கும் 'இதனால் பொதுமக்கள் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்ற முகவுரையிலேயே முதல் பக்கம் தீர்ந்துபோகும். எந்த இடம், என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் முன்னால் வந்தாக வேண்டும். நல்ல நிர்வாகத் தமிழுக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

செய்தியை எழுதுவது யார்

வானிலை ஆய்வு மையம் மழையையும், மத்திய நீர் ஆணையம் ஆற்று வெள்ளத்தையும், ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம் சுனாமியையும் கவனிக்கின்றன. எல்லாம் தத்தம் நடையில் எழுதினால் நடுவில் நிற்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அதற்காக உருவானது பொது எச்சரிக்கை நெறிமுறை. 2007-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அதைத் தரநிலையாக ஏற்றது. அடிப்படையில் அது ஒரு படிவம். என்ன ஆபத்து, எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி, எப்போது காலாவதி, எந்தப் பரப்பு என்று கட்டங்கள். பரப்பு என்ற கட்டத்தில் வரைபடத்தின் மேல் ஒரு பல்கோணம் வரையப்படும். அந்தக் கோட்டுக்குள் அடங்கும் கோபுரங்கள் மட்டும் பேசும்.

அவசரம், கடுமை, உறுதி என்ற மூன்றையும் பிரித்து வைத்ததில்தான் இந்தப் படிவத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது. நாளை மறுநாள் புயல் வரலாம் என்பது கடுமையானது, அவசரமல்ல, உறுதியுமல்ல. மதகு திறந்தாயிற்று என்பது உறுதியானது, அவசரமானது. இரண்டுக்கும் ஒரே அலறல் கூடாது. இந்தியாவில் இந்தப் படிவத்தைக் கையாளும் தளத்துக்கு 'சசேத்' என்று பெயர். 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட் அதை உருவாக்கியது. தமிழ்நாடு தன் பங்குக்கு 2018-இல் டிஎன்-ஸ்மார்ட் என்ற அமைப்பையும், 2024-இல் டிஎன்-அலர்ட் என்ற செயலியையும் கொண்டுவந்தது. செயலி நல்லதுதான். ஆனால் பதிவிறக்கியவருக்கு மட்டுமே உதவும்; அபாயத்தில் இருப்பவரும் பதிவிறக்கியவரும் ஒரே ஆளாக இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பல்கோணத்தைக் கணினியில் கூர்மையாக வரையலாம். வானலை அந்தக் கோட்டை மதிக்காது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஒரு கோபுரத்தின் அலை சில கிலோமீட்டர் தடையில்லாமல் போகும். திருமங்கலத்துக்குத் தெற்கே விருதுநகர் மாவட்டத்துக்கும், வாடிப்பட்டிக்கு மேற்கே திண்டுக்கல் மாவட்டத்துக்கும் செய்தி கசியும். தேவையில்லாதவர் திரும்பத் திரும்பப் பெற்றால் அடுத்த முறை பார்க்கமாட்டார். இதற்கு அமெரிக்காவில் கண்ட தீர்வு, பல்கோணத்தையும் செய்தியோடு போனுக்கே அனுப்பிவிடுவது. போன் தான் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்து, உள்ளே இருந்தால் ஒலிக்கும், வெளியே இருந்தால் பேசாமல் இருக்கும்.

ஆனால் மதுரையின் பெரிய சிக்கல் கசிவல்ல. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சுமார் 10 சென்டிமீட்டர் மழை; அதில் பெரும்பகுதி பிற்பகலில் குறுகிய நேரத்தில் கொட்டியது. செல்லூர் கண்மாய்த் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல் வீடுகளுக்குள் ஏறியது. வைகை அணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 66 அடியும் இல்லை, சங்கும் இல்லை, 70 கிலோமீட்டர் அவகாசமும் இல்லை. அடுத்த மூன்று மணி நேரத்தில் இன்னின்ன மாவட்டங்களில் மழை என்றுதான் வானிலை அறிவிப்பு வருகிறது. மதுரை மாவட்டம் என்றால் உசிலம்பட்டியும் அதுதான், மேலூரும் அதுதான். கோபுரத்துக்குச் செல்லூரைத் தனியாக எழுப்பத் தெரியும். செல்லூரை எப்போது எழுப்ப வேண்டும் என்று கோபுரத்துக்குச் சொல்ல, கண்மாய்களிலும் வாய்க்கால்களிலும் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் வேண்டும். செய்தியைக் கொண்டுசேர்க்கும் நுட்பம் செய்தியைக் கண்டுபிடிக்கும் நுட்பத்தை முந்திப் போய்விட்டது.

கேட்டார்களா என்று எப்படித் தெரியும்

செல்பரப்பில் திரும்பும் பாதை கிடையாது. போன் படித்ததா, ஆள் படித்தாரா என்று கோபுரத்துக்குத் தெரியாது. கோபுரத்திடம் உள்ள கணக்கு எத்தனை தடவை சொன்னேன் என்பது மட்டுமே. இது குறை போலத் தெரியும். ஒரு வகையில் நன்மையும்கூட. யார் எங்கே நின்றார் என்ற பதிவு எதுவும் இதனால் உண்டாவதில்லை. அரசு பேசுகிறது, யார் கேட்டார் என்று அறிந்துகொள்ளாமலே. இன்றைய நுட்பங்களில் இப்படி ஒன்று அபூர்வம்.

திரும்பும் பாதை இல்லாததால்தான் ஒத்திகை தேவைப்படுகிறது. ஒத்திகை முடிந்ததும் மக்களிடம் கேட்டுத்தான் எத்தனை பேருக்கு வந்தது, எந்த வகைப் போனில் வரவில்லை என்று அறிய முடியும்.

வந்த செய்தி தவறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கான பாடம் ஹவாயிலிருந்து கிடைத்தது. 2018 ஜனவரி 13 காலை 8:07-க்கு, ஏவுகணை வருகிறது, இது பயிற்சியல்ல என்று அந்தத் தீவுகளின் போன்கள் அலறின. பணியாளர் ஒருவரின் பிழை. அங்குள்ள அவசரநிலை நிர்வாகம் 8:20 வாக்கில் ட்விட்டரில் மறுத்துவிட்டது. ஆனால் போன்களை அலறவைத்த அதே வழியில் மறுப்பு வர 38 நிமிடம் ஆனது. அப்படியொரு மறுப்புக்கு வாசகம் தயாராகவே இல்லை. சமூக ஊடகம் வேகமாகத் திருத்தியது, ஆனால் எல்லோரையும் எட்டவில்லை. செல்பரப்பு எல்லோரையும் எட்டியது, ஆனால் திருத்தத் தாமதித்தது. இரண்டும் வெவ்வேறு வேலைக்கான கருவிகள் என்பதை அந்த 38 நிமிடம் காட்டியது.

சமூக ஊடகத்தின் வேலை

மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி, மாநகரக் காவல் என்று இன்று எல்லா அலுவலகத்துக்கும் எக்ஸ் தளத்திலும் முகநூலிலும் பக்கம் இருக்கிறது. அங்கே இடும் பதிவைப் பின்தொடர்பவர் எல்லோரும் பார்ப்பார் என்பது பொதுவான எண்ணம். அப்படி நடப்பதில்லை. ஒருவர் திரையைத் திறக்கும்போது எந்தப் பதிவு மேலே வர வேண்டும் என்று ஒரு நிரல் முடிவு செய்கிறது. அவர் எதில் நின்று பார்ப்பார், எதைப் பகிர்வார் என்று பழைய பழக்கத்தை வைத்துக் கணித்து அடுக்குகிறது; வந்த நேரப்படி அடுக்குவதில்லை. ஜல்லிக்கட்டுக் காணொளியோடு போட்டி போட்டு, ஆட்சியர் அலுவலகத்தின் மழை அறிவிப்பு தோற்கும். மழை விட்ட இரண்டாம் நாள் அதே அறிவிப்பு மேலே வந்து நிற்கும். எச்சரிக்கைக்கு உயிர் நேரத்தில் இருக்கிறது; அந்த நிரலுக்கோ நேரம் இரண்டாம் பட்சம்.

அப்படியானால் அந்தப் பக்கங்கள் வீணா? இல்லை. எச்சரிக்கை கேட்டதும் மக்கள் பதறி ஓடுவார்கள் என்று அதிகாரிகள் பயப்படுவதுண்டு. பேரிடர்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் கண்டது நேர்மாறானது. பதற்றம் அரிது, தயக்கமே வழக்கம். அமெரிக்க ஆய்வாளர்கள் டென்னிஸ் மிலெட்டியும் ஜான் சோரன்சனும் 1990-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, செய்தி கேட்டவர் உடனே கிளம்புவதில்லை, முதலில் அது நிஜமா என்று வேறு வழியில் உறுதி செய்கிறார் என்பதை வலியுறுத்தினார்கள். இதை உறுதிதேடல் எனலாம். வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பது, அண்ணனுக்குப் போன் போடுவது, டிவியைத் திருப்புவது எல்லாம் உறுதிதேடல்தான். எதிர்வீட்டுக்காரர் பாத்திரத்தைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தால் நம்பிக்கை வரும். திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்காருவோம்.

சமூக ஊடகத்தின் உண்மையான இடம் இங்கேதான். அலறல் எழுப்பிவிட்டது, எழுந்தவர் போனைத் திறந்து தேடுகிறார். அந்த நிமிடத்தில் அரசுப் பக்கத்தில் அதே செய்தி, அதே இடப் பெயரோடு, தேதியும் நேரமும் இட்டு இருந்தால் உறுதி கிடைத்துவிடும். பக்கம் காலியாக இருந்தாலோ, அமைச்சரின் ஆய்வுக்கூட்டப் படம் மேலே இருந்தாலோ, அவர் வாட்ஸாப் குழுவுக்குப் போய்விடுவார். துரதிர்ஷ்டவசமாக, பல அரசுப் பக்கங்கள் புகைப்படச் செய்திக் குறிப்பாகவே கிடக்கின்றன.

வாட்ஸாப் குழுவில் காத்திருப்பது பெரும்பாலும் பழைய காணொளி: எந்த ஆண்டோ, எந்த மாநிலத்து அணையோ உடைவது. ஒவ்வொருவரும் இரண்டு குழுவுக்கு அனுப்பினாலே போதும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருபது படியில் பத்து லட்சத்தைத் தாண்டும். 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, ட்விட்டரில் பத்தாண்டுகளுக்கு மேல் பரவிய சுமார் 1,26,000 செய்திகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. 1,500 பேரை எட்ட உண்மைக்குப் பொய்யைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் ஆனது. காரணம் இயந்திரக் கணக்குகளல்ல, புதுமை தேடும் மனிதர்கள் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அதே ஆண்டு வாட்ஸாப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020-இல், பலமுறை கைமாறிய செய்திக்கு அந்த எல்லை ஒன்றானது. பொய்யை இது தடுக்காது. படிகளின் உயரத்தைக் குறைக்கும். மறுப்பு வந்துசேர அந்த நேரம் தேவை.

சமூக ஊடகத்துக்கு இன்னொரு பயன் உண்டு, செல்பரப்பால் முடியாதது: கீழிருந்து மேலே பேசுவது. தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது என்று ஒருவர் இடும் படம், அளவுகருவி இல்லாத வாய்க்காலுக்கு ஓர் அளவுகருவி. தெருப் பெயரும் நேரமும் இல்லாவிட்டால் அது வெறும் படம்.

கோபுரம் விழுந்தால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மின்சாரம் போனது, கோபுரங்கள் ஓய்ந்தன, பல ஊர்களோடு தொடர்பே அற்றுப்போனது. கோபுரத்துக்கு அடியில் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் உண்டு. பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் டீசல் ஊற்ற ஆள் போக வேண்டும், தண்ணீருக்குள் ஆள் போக முடியாது. ஆகவே செல்பரப்பு ஆபத்துக்கு முன்னால் பேசும் கருவி. ஆபத்துக்கு நடுவில் பேசுவதாக அதை நம்பித் திட்டமிடக் கூடாது. அந்த நேரத்துக்கு வாகன ஒலிபெருக்கியும் காவல்துறையின் வயர்லெஸ்ஸும் வானொலியும் சங்கும் இருந்தாக வேண்டும்.

முன்னால் பேசுவதற்கும் கேட்கும் போன் வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் பகுதிக்குள் பாதுகாப்பும் அவசரமும் என்ற தலைப்பின் கீழ் வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட் என்று ஒன்று இருக்கும். ஒத்திகை நாளில் எரிச்சலில் அதை அணைத்தவர்கள் மறுபடி திறந்து வைக்கலாம். வீட்டில் முதியவர்களின் போனையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உறுதி செய்துகொள்ள மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநில அறைக்கு 1070.